யுனைட்டெட் புரூவரீஸ்

யுனைட்டெட் புரூவரீஸ் என்பது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்திய பீர் உற்பத்தி நிறுவனம் ஆகும். கிங்பிஷர் என்னும் பெயரில் விற்கப்படும் பீர் இந்நிறுவனத்தின் முதன்மைத் தயாரிப்பாகும். நீலகிரி மலைப்பகுதியில் 1857 இல் தொடங்கப்பட்ட காசில் பீர் ஆலையிலிருந்து இந்நிறுவனம் தனது வரலாற்றைக் கணக்கிடுகிறது. தென்னிந்தியாவில் இயங்கிவந்த ஐந்து பீர் ஆலைகளை ஒன்றிணைத்து ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் லீஷ்மன் 1915 இல் இந்நிறுவனத்தை உருவாக்கினார். 1947 இல் விட்டல் மல்லையா இதன் முதல் இந்திய இயக்குநரானார். அதன் பின்னர் தந்தை, மகன் என இரு தலைமுறைகளாக இந்நிறுவனம் மல்லையா குடும்பத்தின் மேலாண்மையில் இருந்தது. 2021 இல் நெதர்லாந்து நாட்டின் ஹைனெக்கென் நிறுவனம் இதன் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது.

மதுவிலக்கு, ஆங்கிலேயர் வெளியேற்றம், மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும் வரிவிதிப்பு ஆகிய மூன்றையும் தாண்டி வளர்ந்த இந்நிறுவனம், பீர் வணிகத்தில் ஏற்பட்ட இழப்பினால் குடும்பத்தின் கையைவிட்டுப் போகவில்லை. வேறொரு தொழிலுக்காக வாங்கப்பட்ட கடனும் அதற்கு அளிக்கப்பட்ட உத்தரவாதமுமே அதற்குக் காரணமாயின. இதனால் குடும்ப நிறுவனங்களின் வரலாற்றில் இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வாக உள்ளது.

பீரும் மலைப்பகுதிகளும்

பீர் என்பது வாற்கோதுமையிலிருந்து (பார்லி) நொதித்தல் முறையில் பெறப்படும் மதுபானம் ஆகும். வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைவிடச் செய்து, பின்னர் வெப்பத்தில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. மால்ட்டை அரைத்து வெந்நீரில் கலக்கும்போது அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. இந்தச் சாற்றுடன் ஹாப்ஸ் எனப்படும் கொடியின் பூங்கொத்துகளைச் சேர்த்துக் கொதிக்க வைப்பர். கைப்புச் சுவையையும் கெடாமல் இருக்கும் தன்மையையும் தருவது ஹாப்ஸ் ஆகும். சாறு ஆறிய பின் ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சாராயம், விஸ்கி போன்றவற்றைப் போல பீர் காய்ச்சி வடிக்கப்படுவதில்லை. எனவே அதில் ஆல்ககாலின் அளவு குறைவாகவே இருக்கும்.

நொதித்தல் நல்ல முறையில் நடைபெறக் குளிர்ந்த சூழல் தேவை. ஏல் வகை பீருக்கு ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியசும், லாகர் வகை பீருக்கு அதனினும் குறைந்த வெப்பநிலையும் வேண்டும். கார்ல் வான் லிண்டே போன்றோர் 1870களில் குளிரூட்டும் இயந்திரங்களை உருவாக்கும் வரை, வெப்பநாடுகளின் சமவெளிகளில் தரமான பீர் தயாரிப்பது கடினமாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட பீர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. விலையும் மிகுதியாக இருந்தது. இக்காரணங்களால் 19 ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணைக்கண்டத்தின் பீர் ஆலைகள் பெரும்பாலும் மலைவாழிடங்களில் தோன்றின. இமயமலை அடிவாரத்தில் கசௌலி, சோலன், மர்ரி ஆகிய ஊர்களிலும், இலங்கையில் நுவரெலியாவிலும், தமிழகத்தில் நீலகிரியிலும் ஆலைகள் அமைந்தமைக்கு இதுவே காரணம்.

நீலகிரியின் தொடக்க கால ஆலைகள்

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் குடியிருப்பை ஏற்படுத்தினார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூர், பின்னர் சென்னை மாகாண அரசின் கோடைகாலத் தலைமையிடமாயிற்று. குன்னூருக்கு அருகில் வெலிங்டனில் 1850களில் ஆங்கிலேயப் படைவீரர்களுக்கான பாசறை கட்டப்பட்டது. குளிர்ந்த தட்பவெப்பம், தூய நீர், நிலையான வாடிக்கையாளர்களாகப் படைவீரர்கள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைத்ததால் பீர் தொழில் அங்கு வேரூன்றியது. மலைவாழ் மக்களான படுகர்கள் தங்கள் நிலங்களில் வாற்கோதுமையையும் பயிரிட்டு வந்தனர்.

1857 இல் தொடங்கிய காசில் ஆலை, பின்னர் யுனைட்டெட் புரூவரீசுடன் இணைந்த ஐந்து ஆலைகளுள் மிகப் பழமையானதாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் 1899 இல்தான் வந்தது. உதகமண்டலத்திற்கு 1908 இல் நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன் மலையிலிருந்து சரக்குகளை இறக்குவதற்கு மலைப்பாதையில் செல்லும் மாட்டு வண்டிகளே பயன்பட்டன.

தென்னிந்தியப் பீர் தொழிலின் மற்றொரு மையம் பெங்களூர் ஆகும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில் 1809 இல் ஆங்கிலேயர் படைக்குடியிருப்பை அமைத்தனர். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864 இல் இரயில் பாதை திறக்கப்பட்டதும், சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய இயந்திரங்களும் ஹாப்சும் எளிதில் அங்குச் சென்று சேர்ந்தன.

1915 ஆம் ஆண்டு இணைப்பு

முதல் உலகப்போர் நடைபெற்றுக் கொண்டிருந்த காலத்தில், 1915 மார்ச் மாதம், தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை ஒரே நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவந்தார். 'ஒன்றிணைந்த பீர் ஆலைகள்' என்னும் பொருள்படும் யுனைட்டெட் புரூவரீஸ் என்ற பெயர் இந்த இணைப்பையே குறிக்கிறது.

அக்காலத்தில் நிறுவனத்தின் முதன்மை வாடிக்கையாளர்கள் ஆங்கிலேயப் படைவீரர்கள் ஆவர். ஹாக்ஸ்ஹெட் எனப்படும் பெரிய மரப்பீப்பாய்களில் பீர் நிரப்பப்பட்டு, மாட்டு வண்டிகளில் பாசறைகளுக்கு அனுப்பப்பட்டது. ஒரு ஹாக்ஸ்ஹெட் ஏறத்தாழ 245 லிட்டர் கொள்ளும். புட்டிகளில் அடைத்த பீர் பின்னரே பரவலாயிற்று. இந்தியப் பொதுமக்களிடையே பீர் குடிக்கும் வழக்கம் அக்காலத்தில் மிகக் குறைவு. பனங்கள், தென்னங்கள், சாராயம் ஆகியவையே கிராமப்புறங்களில் அருந்தப்பட்டன.

பழைய சேலம் மாவட்டமும் மதுவிலக்கும்

இந்நிறுவனத்தின் போக்கைத் தீர்மானித்த முதல் பெரும் அரசியல் மாற்றம், தற்போதைய தருமபுரி மாவட்டத்தை உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1937 இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1 ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அன்றைய சேலம் மாவட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர், ஓசூர் பகுதிகள் அனைத்தையும் கொண்டிருந்தது. தருமபுரி 1965 இல் தனி மாவட்டமாயிற்று. 2004 இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டது.

சேலம் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இம்மாவட்டம், இராஜாஜியின் சொந்த மாவட்டமும் ஆகும். அவர் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை 1925 இல் நிறுவி, மதுவிலக்குப் பரப்புரைக்காகவே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். எழுத்தாளர் கல்கி அவ்விதழில் பணியாற்றினார்.

1938 இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 இல் வட ஆர்க்காடு மாவட்டத்திற்கும் மதுவிலக்கு விரிவாக்கப்பட்டது. கள்ளுக்கடை, சாராயக்கடை ஏலங்களால் கிடைத்துவந்த வருவாயை அரசு இழந்தது. அதை ஈடுசெய்யும் பொருட்டு 1939 இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்தியா முழுவதும் பரவிய இவ்வரி மதுவிலக்கின் விளைவாக வந்ததாகும்.

1939 இல் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1946 இல் மீண்டும் படிப்படியாகத் தொடங்கி, 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையின் காலத்தில் மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1937 இல் சேலம் மாவட்டத்தில் மூடப்பட்டவை பெரும்பாலும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளுமே ஆதலால், பீர் நிறுவனத்தை அது பெரிதும் பாதிக்கவில்லை. 1948 இன் நிலை வேறு. இம்முறை நீலகிரியும் சென்னை நகரமும் மதுவிலக்கின் கீழ் வந்தன. அதே காலத்தில் ஆங்கிலேயப் படைகளும் நாட்டை விட்டு வெளியேறின. சென்னை மாகாணச் சந்தையையும் பாசறை வாடிக்கையாளர்களையும் நிறுவனம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இழந்தது. சென்னை மாகாணத்திற்கு வெளியே, மைசூர் சமஸ்தானத்தில் இருந்த பெங்களூர் ஆலை இதனால் கூடுதல் முதன்மை பெற்றது.

விட்டல் மல்லையா காலம்

விட்டல் மல்லையா (1924 - 1983) தென்கன்னடப் பகுதியின் பண்ட்வால் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். தென்கன்னடம் 1956 வரை சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. அவருடைய தந்தை பண்ட்வால் கணபதி மல்லையா படைத்துறை மருத்துவர். விட்டல் மல்லையா கொல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் பயின்றார். இளம் வயதிலேயே பங்குச் சந்தையில் ஈடுபட்ட அவர், யுனைட்டெட் புரூவரீசின் பங்குகளைச் சிறுகச் சிறுக வாங்கினார்.

1947 இல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டில் ஆர். ஜி. என். பிரைஸ் என்பவருக்குப் பின் நிறுவனத்தின் தலைவரானார். இந்தியா விடுதலை பெற்ற சூழலில் ஆங்கிலேய உரிமையாளர் பலர் தங்கள் நிறுவனங்களை விற்றுவிட்டு நாடு திரும்பிக் கொண்டிருந்தனர். பீர் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை என்று கருதப்பட்ட காலம் அது. நாட்டின் அரசமைப்புச் சட்டமும் 47 ஆம் உறுப்பில் மதுவிலக்கை அரசின் நெறிமுறைக் கோட்பாடாக ஏற்றது. இந்நிலையில் பங்குகளின் விலை குறைந்திருந்ததே, பெருமுதலாளி அல்லாத ஓர் இளைஞர் இத்தகைய நிறுவனத்தைக் கைப்பற்ற வழிசெய்தது.

1951 இல் மக்டவல் நிறுவனத்தை அவர் வாங்கினார். 1826 இல் ஆங்கஸ் மக்டவல் என்னும் ஸ்காட்லாந்துக்காரரால் சென்னையில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், வெளிநாட்டு மதுபானங்களை இறக்குமதி செய்து விற்று வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையானதும், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய முடிவு செய்து, கேரளத்தின் சேர்த்தலையில் 1959 இல் மக்டவல் வடிப்பாலை அமைக்கப்பட்டது. மதுபானத் தொழிலை மட்டும் சார்ந்திருப்பதன் இடரை உணர்ந்த விட்டல் மல்லையா, பழக்கூழ், பழச்சாறு தயாரிக்கும் கிசான் நிறுவனத்தை வாங்கினார். ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனத்துடன் சேர்ந்து மருந்து உற்பத்தியிலும் ஈடுபட்டார்.

மாநிலத்திற்கு ஓர் ஆலை

மது தொடர்பான சட்டமியற்றும் உரிமையும் வரி விதிக்கும் உரிமையும் இந்திய அரசமைப்பின்படி மாநிலங்களிடம் உள்ளன. ஒரு மாநிலத்தில் தயாரித்த பீரை மற்றொரு மாநிலத்திற்குக் கொண்டுசெல்ல, ஏற்றுமதி இறக்குமதி போன்று தனித்தனி அனுமதியும் கட்டணமும் தேவை. 2017 இல் நாடு முழுவதற்குமான சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும், குடிக்கும் மது அதன் வரம்பிற்குள் கொண்டுவரப்படவில்லை. பீர் எடை மிகுந்த, விலை குறைந்த பொருள் ஆதலால், தொலைவிலிருந்து கொண்டுவந்து விற்பது கட்டுபடியாகாது.

இதன் விளைவாக இந்தியாவில் பீர் நிறுவனம் ஒன்று வளர வேண்டுமானால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் ஆலை வைத்திருக்க வேண்டியதாயிற்று. புதிய உரிமம் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில், ஏற்கனவே உரிமம் பெற்ற ஆலைகளை வாங்குவதே எளிய வழியாக இருந்தது. விட்டல் மல்லையா கையாண்ட முறை இதுவே. மேற்கு வங்கத்தின் கல்யாணி போன்ற இடங்களில் இருந்த ஆலைகள் இவ்வாறு குழுமத்தில் சேர்ந்தன. ஒரு மாநிலம் மதுவிலக்கைக் கொண்டுவந்தால் அங்குள்ள ஆலை மட்டும் பாதிக்கப்படும். மற்றவை நிறுவனத்தைத் தாங்கும்.

தமிழ்நாட்டில் 1971 இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1981 இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1983 இல் மொத்த விற்பனைக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் வசமாயிற்று. ஆகவே தமிழ்நாட்டில் பீர் நிறுவனங்கள் அனைத்திற்கும் அரசு நிறுவனமே மொத்த விற்பனையாளராகும்.

கிங்பிஷர்

கிங்பிஷர் பீர் 1978 இல் சந்தைக்கு வந்தது. கிங்பிஷர் என்னும் ஆங்கிலச் சொல் மீன்கொத்திப் பறவையைக் குறிக்கும். அப்பறவையின் உருவமே புட்டியின் அடையாளச் சின்னமாகவும் அமைந்தது. மொரார்ஜி தேசாய் தலைமையிலான நடுவண் அரசு நாடு தழுவிய மதுவிலக்கை வலியுறுத்திவந்த ஆண்டுகளில் இது அறிமுகமானது என்பது குறிப்பிடத்தக்கது.

கிங்பிஷர் பில்சனர் முறையில் தயாரிக்கப்படும் மென்மையான லாகர் வகையாகும். அதில் ஆல்ககால் ஏறத்தாழ 5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாக உள்ளது. பின்னர் வெளிவந்த கிங்பிஷர் ஸ்ட்ராங் வகையில் இது 8 விழுக்காடு வரை இருக்கலாம். இந்தியாவில் விற்பனையாகும் பீரில் பெரும்பகுதி இத்தகைய வலிமை மிக்க வகையைச் சேர்ந்தது. கல்யாணி பிளாக் லேபல், லண்டன் பில்சனர் ஆகியவையும் இந்நிறுவனத்தின் தயாரிப்புகளாகும்.

விஜய் மல்லையா காலம்

1983 அக்டோபரில் விட்டல் மல்லையா காலமானார். அவருடைய மகன் விஜய் மல்லையா (பிறப்பு 1955) குழுமத்தின் தலைவரானார். அப்போது அவருக்கு 28 வயது நிறைவடையவில்லை. தந்தை விளம்பரத்தை விரும்பாதவர் எனவும், சிக்கனமானவர் எனவும் அறியப்பட்டார். மகனோ நிறுவனத்தின் பெயரையும் தன்னையும் சேர்த்தே மக்களிடம் கொண்டுசென்றார்.

இந்தியாவில் தொலைக்காட்சி வழியாக மதுபானங்களை விளம்பரப்படுத்துவதற்குத் தடை உள்ளது. எனவே மது நிறுவனங்கள் அதே பெயரில் குடிநீர், சோடா, இசைத்தட்டு போன்ற வேறு பொருள்களை வெளியிட்டு விளம்பரம் செய்வது வழக்கமாயிற்று. கிங்பிஷர் பெயரில் குடிநீரும் நாட்காட்டியும் வெளிவந்தன. 2005 மே மாதத்தில் கிங்பிஷர் ஏர்லைன்ஸ் என்னும் வானூர்தி நிறுவனம் அதே பெயருடனும் மீன்கொத்திச் சின்னத்துடனும் பறக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் ஷா வாலஸ் என்னும் போட்டி நிறுவனத்தைக் குழுமம் வாங்கியது. இதன் வழி மக்டவலை மையமாகக் கொண்ட யுனைட்டெட் ஸ்பிரிட்ஸ் நிறுவனம் உலகின் பெரிய மது நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

அமெரிக்காவிலும் குழுமம் கால் பதித்தது. கலிபோர்னியாவின் மெண்டசினோ பீர் நிறுவனத்தில் 1997 இல் பெரும்பான்மைப் பங்கு வாங்கப்பட்டது. 1983 இல் ஹாப்லாந்து என்னும் சிற்றூரில் தொடங்கிய அந்நிறுவனம், அமெரிக்கச் சிறு பீர் ஆலை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகும். 2018 இல் அது மூடப்பட்டது.

பெங்களூரில் பழைய பீர் ஆலை இருந்த இடத்தில் யு.பி. சிட்டி என்னும் வணிக வளாகம் கட்டப்பட்டு 2008 இல் திறக்கப்பட்டது. அது அமைந்துள்ள சாலை விட்டல் மல்லையா சாலை எனப் பெயரிடப்பட்டுள்ளது.

குடும்ப உரிமையின் முடிவு

கிங்பிஷர் ஏர்லைன்ஸ் தொடக்கம் முதலே இழப்பில் இயங்கியது. குறைந்த கட்டண நிறுவனமான ஏர் டெக்கானை வாங்கியதும், 2008 இல் எரிபொருள் விலை உயர்ந்ததும் கடனைப் பெருக்கின. பாரத ஸ்டேட் வங்கி தலைமையிலான வங்கிகள் கூட்டாகக் கடன் அளித்திருந்தன. 2010 இல் அக்கடனுக்கு விஜய் மல்லையா தனிப்பட்ட உத்தரவாதமும், குழுமத்தின் தலைமை நிறுவனமான யுனைட்டெட் புரூவரீஸ் ஹோல்டிங்ஸ் நிறுவன உத்தரவாதமும் அளித்தன.

இந்த உத்தரவாதமே வரலாற்றின் திருப்புமுனையாகும். வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய நிறுவனம் ஒன்று நட்டமடைந்தால் அந்நட்டம் அந்நிறுவனத்தோடு நிற்கும் என்பது நிறுவனச் சட்டத்தின் அடிப்படை. வேறொரு நிறுவனமோ உரிமையாளரோ உத்தரவாதம் அளித்தால், அவர்களுடைய சொத்துகளும் அக்கடனுக்குப் பொறுப்பாகின்றன. மல்லையா குடும்பத்தின் முதன்மைச் சொத்து பீர், மது நிறுவனங்களின் பங்குகளே ஆகும். ஆகவே வானூர்தி நிறுவனத்தின் கடன் பீர் நிறுவனத்தின் பங்குகள் வரை வந்து சேர்ந்தது.

2012 அக்டோபரில் கிங்பிஷர் ஏர்லைன்ஸ் பறப்பதை நிறுத்தியது. அதன் ஊழியர்கள் பல மாத ஊதியம் பெறாதிருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் யுனைட்டெட் ஸ்பிரிட்ஸ் நிறுவனத்தின் பங்குகளை இங்கிலாந்தின் டியாஜியோ நிறுவனத்திற்கு விற்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2016 மார்ச்சில் விஜய் மல்லையா இந்தியாவை விட்டு இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டு வானூர்தி நிறுவனத்தின் வணிகச் சின்னங்களை வங்கிகள் ஏலத்திற்குக் கொண்டுவந்தபோது வாங்குவதற்கு எவரும் முன்வரவில்லை. பீரின் வணிகச் சின்னம் பீர் நிறுவனத்திற்கு உரியதாக இருந்ததால் அது இந்த ஏலத்தில் சேரவில்லை. ஒரே பெயரைத் தாங்கிய இரு தொழில்களில் ஒன்று மறைந்தது, மற்றொன்று தொடர்ந்தது.

2017 இல் பெங்களூர் கடன் மீட்புத் தீர்ப்பாயம் 6,203 கோடி ரூபாயையும் அதற்கான வட்டியையும் மீட்க வங்கிகளுக்கு அனுமதி அளித்தது. அதே ஆண்டில் தலைமை நிறுவனமான யுனைட்டெட் புரூவரீஸ் ஹோல்டிங்சைக் கலைக்குமாறு கருநாடக உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2019 சனவரியில் விஜய் மல்லையா தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளியாக மும்பை சிறப்பு நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டார்.

ஹைனெக்கென் நிறுவனம் பங்குதாரராக வந்தது வேறொரு வழியில் ஆகும். 2000களின் முதற்பாதியில் ஸ்காட்லாந்தின் ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில் நிறுவனம் யுனைட்டெட் புரூவரீசில் முதலீடு செய்து, மல்லையா தரப்புக்கு இணையான 37.5 விழுக்காடு பங்கைப் பெற்றது. 2008 இல் அந்நிறுவனத்தை ஹைனெக்கெனும் கார்ல்ஸ்பெர்க்கும் சேர்ந்து வாங்கிப் பிரித்துக் கொண்டபோது, இந்தியப் பங்கு ஹைனெக்கெனுக்குக் கிடைத்தது. 2021 சூன் மாதம் கடன் மீட்பு அதிகாரி விற்பனை செய்த ஏறத்தாழ 15 விழுக்காடு பங்குகளை ஹைனெக்கென் வாங்கியது. இதனால் அதன் பங்கு 46.5 விழுக்காட்டிலிருந்து 61.5 விழுக்காடாக உயர்ந்தது.

பிற குடும்ப ஆலைகளுடன் ஒப்பீடு

பீர் தொழிலில் குடும்ப உரிமை உலகெங்கும் காணப்படுகிறது. அமெரிக்காவின் மிகப் பழமையான பீர் நிறுவனமான யுவெங்லிங், ஜெர்மனியிலிருந்து குடியேறிய டேவிட் யுவெங்லிங் என்பவரால் பென்சில்வேனியாவின் பாட்ஸ்வில் நகரில் 1829 இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆலைகள் பீர் தயாரிப்பை நிறுத்த நேர்ந்தது. யுவெங்லிங் குடும்பம் ஆல்ககால் மிகக் குறைந்த பானங்களைத் தயாரித்தும், ஐஸ்கிரீம் தயாரிக்கும் பால்பண்ணை நடத்தியும் தாக்குப்பிடித்தது. அக்குடும்பத்தில் நிறுவனம் மரபுரிமையாகக் கைமாறுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையிடமிருந்து அதை விலை கொடுத்து வாங்குவது மரபாகும். இந்நிறுவனம் பங்குச் சந்தையிலும் இடம்பெறவில்லை. மாறாக, பட்வைசர் பீரைத் தயாரிக்கும் அன்ஹைசர்-புஷ் நிறுவனம், புஷ் குடும்பத்தினரின் எதிர்ப்பு இருந்தும், பங்குச் சந்தை நிறுவனமாக இருந்ததால் 2008 இல் இன்பெவ் நிறுவனத்தின் வசமாயிற்று.

இந்தியாவில் சோலனை மையமாகக் கொண்ட மோகன் மீக்கின் நிறுவனம் யுனைட்டெட் புரூவரீசுக்கு இணையான தொடக்கம் உடையது. எட்வர்ட் டயர், எச். ஜி. மீக்கின் என்னும் ஆங்கிலேயரின் ஆலைகள் இணைந்து உருவான டயர் மீக்கின் நிறுவனத்தை 1949 இல் நரேந்திர நாத் மோகன் கைப்பற்றினார். ஓல்ட் மங்க் ரம் 1954 இல் இந்நிறுவனத்தில் உருவானது. நெடுங்காலம் தலைவராக இருந்த கபில் மோகன் 2018 இல் காலமானார். அதன் பின்னரும் நிறுவனம் அக்குடும்பத்தினரிடமே உள்ளது. விளம்பரம் செய்யாமை அந்நிறுவனத்தின் தனித்தன்மையாகக் கருதப்படுகிறது. பாகிஸ்தானின் மர்ரி ஆலை 1860 இல் தொடங்கியது. பார்சி இனத்தைச் சேர்ந்த பந்தாரா குடும்பத்தினர் அதனை நடத்தி வருகின்றனர்.

இவற்றை ஒப்பிடும்போது, நீடித்த குடும்ப ஆலைகள் மதுவிலக்கையும் அரசியல் மாற்றங்களையும் கடந்து வந்துள்ளமை புலப்படும். குடும்ப உரிமை நிலைப்பதும் மறைவதும் பெரும்பாலும் பங்குகள் யாரிடம் உள்ளன, அவை எதற்கு ஈடாக வைக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தே அமைந்துள்ளது.

தற்போதைய நிலை

யுனைட்டெட் புரூவரீஸ் ஹைனெக்கென் குழுமத்தின் துணை நிறுவனமாகச் செயல்படுகிறது. இந்தியப் பங்குச் சந்தைகளில் அதன் பங்குகள் வணிகமாகின்றன. கிங்பிஷருடன் ஹைனெக்கென், ஆம்ஸ்டெல் ஆகிய பெயர்களிலும் பீர் தயாரிக்கப்படுகிறது. பீர் விலையைப் போட்டி நிறுவனங்களுடன் கூடி நிர்ணயித்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் இந்நிறுவனத்திற்கு ஏறத்தாழ 752 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. இதை எதிர்த்து நிறுவனம் மேல்முறையீடு செய்தது.

முக்கிய ஆண்டுகள்

1857 - நீலகிரியில் காசில் ஆலை தொடக்கம்
1915 - ஐந்து ஆலைகள் இணைந்து யுனைட்டெட் புரூவரீஸ் உருவாதல்
1937 - தருமபுரி உள்ளிட்ட அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு
1947 - விட்டல் மல்லையா முதல் இந்திய இயக்குநராதல்
1948 - சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு
1951 - மக்டவல் நிறுவனம் வாங்கப்படுதல்
1978 - கிங்பிஷர் பீர் அறிமுகம்
1983 - விட்டல் மல்லையா மறைவு. விஜய் மல்லையா தலைவராதல்
2005 - கிங்பிஷர் ஏர்லைன்ஸ் தொடக்கம்
2012 - கிங்பிஷர் ஏர்லைன்ஸ் நிறுத்தம்
2021 - ஹைனெக்கென் பெரும்பான்மைப் பங்குகளைப் பெறுதல்